பிளக் மரை போனா சிலிண்டரையே தூக்கி போடணுமா?

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

குலசேகரம், அருமனை, திருவட்டார் பக்கம் ரப்பர் தோட்டத்துல காடு வெட்ட இப்போ ஆளே கிடைக்க மாட்டேங்குது, அதனால நெறய வீட்டுல பிரஷ் கட்டர்னு காடு வெட்டுற மெஷின் வாங்கி வச்சிருக்காங்க, என்கிட்டயும் ஒரு டூ ஸ்ட்ரோக் மெஷின் இருக்கு. மழை பெஞ்சு காடு ஏறிச்சுன்னா வெட்டாம விட முடியாது பாத்துக்கோங்க, விடியுறதுக்கு முன்னாடி ஹெட்லைட்ட மாட்டிட்டு பால் வெட்ட வர்ற ஆளுக்கு உள்ள அணலி பாம்பு கிடந்தா எப்படி தெரியும்.

மெஷின் ஸ்டார்ட் ஆகலன்னு என் தங்கச்சி மவன் ஸ்பார்க் பிளக்க கழட்டி துடைச்சிருக்கான், அது வரைக்கும் சரி, இஞ்சின் சூடா இருக்கும்போதே திரும்ப மாட்டி, கை பலம் பத்தலன்னு ஸ்பேனர் கம்பியில ஒரு இரும்பு பைப்ப வேற சொருகி முறுக்கிட்டான். பிளக் இரும்பு, சிலிண்டர் அலுமினியம், யாரு தோப்பாங்கன்னு நான் சொல்லணுமா. அன்னைக்கு நல்லாத்தான் ஓடிச்சு. ரெண்டு நாள் கழிச்சு தோட்டத்து நடுவுல டப்புன்னு ஒரு சத்தம், பாத்தா பிளக் வெளிய வந்து வயர்ல தொங்குது, மரை முழுக்க அலுமினியத் தூளு.

ரெண்டு கடையில காட்டினேன், ரெண்டு இடத்துலயும் சிலிண்டர மாத்தணும்னுட்டாங்க. இந்த சின்ன மெஷின்ல சிலிண்டருக்கு மேல மூடுற ஹெட்டுன்னு தனியா கிடையாது, சிலிண்டரும் ஹெட்டும் ஒரே வார்ப்பு, அதனால பிஸ்டனும் சேத்து 3500 ரூபாய்னு கணக்கு. இன்னொருத்தர் டெஃப்லான் டேப் சுத்தி மாட்டிரலாம்னாரு, அது அதவிட மோசம். பிளக்குல ஏறுற சூடு சிலிண்டருக்கு இறங்குறதே மரை வழியாவும் வாஷர் வழியாவும்தான், பிளக் ஒழுங்கா உக்காரலன்னா அது பழுத்து நேரத்துக்கு முன்னாடியே பெட்ரோல பத்த வச்சிரும், அப்புறம் பிஸ்டனும் போச்சு.

கடைசில குளச்சல் பக்கம் வள்ளத்துக்கு அவுட்போர்டு இஞ்சின் பாக்குற ஒரு அண்ணன்கிட்ட கொண்டு போனேன். அவருக்கு இது தினசரி சோலி. மண்ணெண்ணெயில ஓடுற இஞ்சின்ல பிளக் சீக்கிரம் கரி பிடிக்கும், அடிக்கடி கழட்டணும், உப்புக்காத்து வேற, இரும்பு பிளக் அலுமினியத்தோட ஒட்டிக்கிடும், பலமா திருப்பினா மரையையும் உரிச்சிட்டுத்தான் வரும். அவரு பாத்த உடனே சிரிச்சாரு, இதுக்கா சிலிண்டர மாத்த சொன்னாங்கன்னு.

முதல்ல சிலிண்டர தனியா கழட்டி எடுத்துட்டாரு, ஏன்னா இஞ்சின்லயே வச்சு டாப் போட்டா, அதாவது புது மரை வெட்டினா, தூளு உள்ள விழுந்து சிலிண்டர கீறும், டூ ஸ்ட்ரோக்ல சிலிண்டர் பக்கத்துல இருக்குற போர்ட்டுங்குற ஓட்டை வழியா கீழ இறங்கி பேரிங்க வேற தின்னும். பழைய மரை 14 எம்எம், பிட்ச், அதாவது மரைக்கு மரை இடைவெளி, 1.25 எம்எம், அதுக்குன்னே கொஞ்சம் பெருசா ஒரு டாப் இருக்கு, மண்ணெண்ணெய் விட்டு அரை சுத்து முன்னாடி கால் சுத்து பின்னாடின்னு பொறுமையா இறக்கினாரு. நேரா இறங்கணும், கோணிச்சுன்னா வாஷர் ஒரு பக்கம்தான் உக்காரும். அப்புறம் ஸ்பிரிங் மாதிரி ஒரு ஸ்டெயின்லெஸ் கம்பிச் சுருள், ஹெலிகாயில்னு சொல்லுதாங்க, அத உள்ள திருகி மேல விளிம்புக்கு கொஞ்சம் கீழ நிப்பாட்டி, அடியில இருக்குற சின்ன நாக்க ஒடிச்சு எடுத்துட்டாரு. சுருள் மறுபக்கம் உள்ள நீட்டிக்கிட்டு நிக்கக் கூடாது, பழுத்திரும். எல்லாம் சேத்து 600 ரூபாய், ரெண்டு டீ குடிக்கிற நேரம்.

எல்லாத்தையும் இப்படி காப்பாத்த முடியாதுதான், ஓட்டைய சுத்தி கீறல் விழுந்திருந்தா மாத்தத்தான் வேணும்.

என் வேண்டுகோள் ஒண்ணுதான் சார். கடற்கரையில தெரிஞ்ச இந்த வேல மலையோரத்துல இருக்குற நிறைய கடையில இல்ல, 30 கிலோமீட்டர்கூட இருக்காது ரெண்டுக்கும். நாகர்கோவில் கோணத்துல அரசு ஐடிஐ இருக்கு, அங்க மெக்கானிக் பசங்களுக்கும் விவசாயிகளுக்கும் ஞாயித்துக்கிழமை ஒரு நாள் இத செஞ்சு காட்டினா எவ்வளவோ மெஷின் பழைய இரும்புக்கு போகாம பிழைக்கும். மெஷின் விக்கிற கடைக்காரங்களும் நைலான் கயிறு மாட்டுறத மட்டும் சொல்லிக் குடுக்காம பிளக் மாட்டவும் சொல்லிக் குடுக்கணும், இஞ்சின் ஆறினப்புறம் முதல்ல விரலாலயே கடைசி வரைக்கும் திருகணும், புது பிளக்னா அதுக்கு மேல ஸ்பேனர்ல அரை சுத்து, கொஞ்சம் கூடினாலும் முக்கால் சுத்துக்கு போக வேண்டாம். எவ்வளவு பலமா முறுக்குறோம்னு அளவு காட்டுற டார்க் ஸ்பேனர் வச்சிருக்கவங்களுக்கு, அலுமினியத்துல 14 எம்எம் வாஷர் பிளக்னா 25ல இருந்து 30 நியூட்டன் மீட்டர். பைக்ல வர்ற 10 எம்எம் பிளக்குக்கு 10, 12 தான், அத இதே மாதிரி முறுக்கினா அன்னைக்கே போயிரும்.

பழைய பிளக் என்ன நீளமோ அதே நீளம் பாத்து வாங்குங்க. நீளம் கூடினா பிஸ்டன்ல இடிக்கும்.

மருமவன்கிட்ட இருந்து அந்த பைப்ப வாங்கி கிணத்து மோட்டார் ஷெட்டுல போட்டு பூட்டிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு சிறு ரப்பர் விவசாயி,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்