பழைய எஸ்எல் 55 வாங்க நினைக்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் காபியும் கையுமாகப் பழைய கார் விளம்பரங்களைப் புரட்டும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். போன மாதம் மட்டும் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "அண்ணா, 2003 மெர்சிடிஸ் எஸ்எல் 55 ஏஎம்ஜி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 40 ஆயிரம் மைல்தான் ஓடியிருக்கிறது. புது கேம்ரியைவிட விலை குறைவு. வாங்கிவிடலாமா?"

கூரை மடியும் அந்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று என்னிடம் ஆறு வருடமாக இருக்கிறது. அதன் மேல் எனக்கு இன்னும் ஆசை தீரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். தெரியாமல் வாங்கி, ஒரு வருடத்தில் கையைச் சுட்டுக்கொண்டு, பாதி விலைக்குத் தள்ளிவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கை மாற்றிய வண்டிகள் பிறகு உருப்படுவதில்லை.

எல்லோரும் முதலில் கேட்பது என்ஜினைப் பற்றி. என்ஜினை நினைத்துப் பயப்படாதீர்கள். சூப்பர்சார்ஜர் (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் கருவி) வைத்த அந்த 5.4 லிட்டர் வி8, ஒழுங்காக ஆயில் மாற்றினால் நெடுநாள் உழைக்கும். சிலிண்டருக்கு இரண்டு வீதம் 16 ஸ்பார்க் பிளக், அந்தக் காற்றைக் குளிர்விக்கும் தண்ணீர்ச் சுற்றில் ஒரு சின்ன மின்சார பம்ப். இவை எல்லாம் தாங்கக்கூடிய செலவு. ஐந்து கியர் ஆட்டோமேட்டிக்கும் முரட்டு ஜாதி. அதன் எண்ணெயை ஆயுள் முழுக்க மாற்ற வேண்டியதில்லை என்று யாராவது சொன்னால் மட்டும் கேட்காதீர்கள், மாற்றிவிடுங்கள்.

இந்த வண்டியில் பணத்தைத் தின்பது ஹைட்ராலிக்ஸ். சஸ்பென்ஷன், பிரேக், கூரை மூன்றுமே பம்ப் அழுத்தும் திரவத்தை நம்பித்தான் வேலை செய்கின்றன. மூன்றுக்கும் தனித்தனி பம்ப், தனித்தனி குழாய்கள், தனித்தனி செலவு.

முதலில் சஸ்பென்ஷன். ஏபிசி (ஆக்டிவ் பாடி கன்ட்ரோல்) என்பார்கள். 1999-ல் மெர்சிடிஸின் சிஎல் காரில் முதலில் வந்தது, பிறகு இதற்கு வந்தது. ஒவ்வொரு சக்கரத்திலும் ஸ்பிரிங்கோடு ஒரு ஹைட்ராலிக் சிலிண்டர் இருக்கும். என்ஜின் பெல்ட்டில் சுற்றும் பம்ப் அதற்கான எண்ணெயை ஏறத்தாழ 200 பார் வரை அழுத்தி வைத்திருக்கும். நம் டயரில் அடிக்கிற காற்று சுமார் இரண்டரை பார்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த அழுத்தத்தால்தான் கிட்டத்தட்ட இரண்டு டன் வண்டி வளைவில் சாயாமல் தட்டையாகப் போகிறது. ஓட்டிப் பார்த்தால் மயங்கிவிடுவீர்கள். ஆனால் அதே அழுத்தத்தை 20 வயது தாண்டிய ரப்பர் ஹோஸ்களும் தாங்க வேண்டியிருக்கிறது.

நான் வாங்கிய மூன்றாவது வாரம் அதில் ஒன்று வெடித்தது. விற்ற டீலர் "எல்லாம் வேலை செய்கிறது" என்று கையடித்துச் சொல்லியிருந்தார். ஹைவேயில் மனைவியோடு போய்க்கொண்டிருந்தேன். முதலில் மீட்டரில் வெள்ளை எழுத்தில் ஏபிசி எச்சரிக்கை வந்தது. ஒரு நிமிடத்தில் அதுவே சிவப்பாகி, வண்டியை நிறுத்து என்றது. வலது முன்பக்கம் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டது. அடுத்த எக்ஸிட் இரண்டு மைல்தானே, மெல்ல உருட்டிவிடலாம் என்று போனேன். அந்த இரண்டு மைலில் எண்ணெய் இல்லாமல் ஓடிய பம்பும் செத்தது. ஹோஸ், பம்ப், அக்யூமுலேட்டர்கள், எண்ணெயை முழுக்க மாற்றிக் கழுவிய கூலி எல்லாம் சேர்த்து 4,300 டாலர். நான் உடனே நிறுத்தியிருந்தால் அதில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும். சிவப்பு எழுத்து வந்தால் அங்கேயே ஓரம்கட்டி, தட்டை மேடை உள்ள டோ டிரக்கைக் கூப்பிடுங்கள். சூடான எக்ஸாஸ்ட் மேல் எண்ணெய் தெறித்தால் புகைச்சலோடு நிற்காது, தீயே பிடிக்கலாம்.

அக்யூமுலேட்டர் என்பது ஒரு இரும்பு உருண்டை. உள்ளே ரப்பர்த் தடுப்பு, அதற்கு ஒரு பக்கம் நைட்ரஜன், மறுபக்கம் எண்ணெய். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்த நைட்ரஜன் வருடக்கணக்கில் மெல்லக் கசிந்துகொண்டேதான் இருக்கும். அது போனால் அழுத்தத்தின் அதிர்ச்சி நேராக ஹோஸுக்கும் வால்வுக்கும் போகும். அதனால் "40 ஆயிரம் மைல்தான்" என்பதைக் கேட்டு மயங்காதீர்கள். 90 ஆயிரம் மைல் ஓடி, தடித்த சர்வீஸ் கோப்போடு வரும் வண்டியைத்தான் நான் எடுப்பேன். ரப்பர் மைலைப் பார்ப்பதில்லை, வயதைத்தான் பார்க்கிறது.

சக்கரத்தின் ஸ்பிரிங்கும் சிலிண்டரும் சேர்ந்த ஸ்ட்ரட் ஒன்று புதிதாக வாங்கினால் ஆயிரம் டாலரைத் தாண்டும், நான்கு இருக்கின்றன. பழுது பார்த்துப் புதுப்பித்தது பாதிக்கும் குறைவாகக் கிடைக்கிறது. நானே இரண்டு அப்படித்தான் போட்டேன், நன்றாக இருக்கின்றன. ஏபிசியையே பிடுங்கிவிட்டுச் சாதாரண ஸ்பிரிங் போடுகிறவர்களும் உண்டு. பணமில்லாத நேரத்தில் ஒரு குடும்பம் எடுக்கிற முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு அது அந்தக் காரே இல்லை.

அடுத்தது பிரேக். எஸ்பிசி (சென்சோட்ரானிக் பிரேக் கன்ட்ரோல்) என்ற இந்த முறையில் நீங்கள் பெடலை மிதிக்கும்போது கணினி அதைப் படித்து, பம்ப் மூலம் அழுத்தம் கொடுக்கிறது. 2004-ல் இதற்காகச் சுமார் 6,80,000 வண்டிகளை மெர்சிடிஸ் திரும்ப அழைத்தது, அடுத்த வருடம் இன்னொரு பெரிய அழைப்பு. இ-கிளாஸிலிருந்து பின்னர் இந்த முறையையே எடுத்துவிட்டார்கள். எஸ்எல்லில் அது தொடர்ந்து இருந்தது. இந்த பிரேக்கின் பம்ப் அலகு நீங்கள் எத்தனை முறை பிரேக் மிதித்தீர்கள் என்று எண்ணிக்கொண்டே இருக்கும். குறிப்பிட்ட எண்ணிக்கை தாண்டினால், பழுது இல்லாவிட்டாலும், மாற்று என்று எச்சரிக்கும். அது செயலிழந்தால் முன்சக்கர பிரேக் மட்டும் நேரடியாகப் பிடிக்கும், காலால் பலமாக மிதிக்க வேண்டும்.

இதில் ஒரு நல்ல செய்தி. அமெரிக்காவில் இந்த அலகுக்கான உத்தரவாதத்தை 25 ஆண்டுகளுக்கு நீட்டியிருக்கிறார்கள். வண்டியின் வின் எண்ணை (ஒவ்வொரு வண்டிக்கும் உரிய அடையாள எண்) கொடுத்து, அந்த வண்டிக்கு அது பொருந்துமா என்று மெர்சிடிஸ் டீலரிடம் வாங்கும் முன்பே கேளுங்கள். கைக்காசு போட்டால் இரண்டாயிரம் டாலர் பக்கம் போகிற சாமான் இது. 2003 வண்டிக்கு அந்த 25 ஆண்டு 2028 வாக்கில் முடிந்துவிடும், தள்ளிப்போடாதீர்கள். வீட்டிலேயே பிரேக் பேட் மாற்றும் பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னொன்று: எஸ்பிசியை முறைப்படி செயல்நிறுத்தாமல் காலிப்பரில் (பிரேக் பேடை அழுத்தும் பிடியில்) கை வைக்கவே வைக்காதீர்கள். கதவைத் திறந்தாலே பம்ப் தானாக விழித்து அழுத்தம் ஏற்றும், விரல் உள்ளே இருந்தால் நசுங்கிவிடும்.

கூரை 16 விநாடியில் டிக்கிக்குள் மடிந்து போகும் அழகுக்காகத்தான் பாதிப் பேர் இந்தக் காரை வாங்குகிறார்கள். கூரையை நகர்த்தும் ஹைட்ராலிக் சிலிண்டர்களின் சீல் வயதானால் கசியும். உள்கூரைத் துணியிலும் டிக்கியின் ஓரங்களிலும் எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பாருங்கள். கசிந்த சிலிண்டரைக் கழற்றி அனுப்பினால் சீல் மாற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள், புதிதுக்கு ஆகும் விலையில் சிறு பங்குதான் ஆகும். கூரை நகரவில்லை என்றால் உடனே பதறவும் வேண்டாம். டிக்கிக்குள் இருக்கும் சாமான் திரை சரியாக மூடியிருக்காவிட்டாலும் அது நகராது.

அப்புறம், டிக்கியின் தரைவிரிப்பைத் தூக்கிக் கையால் தடவிப் பாருங்கள். தண்ணீர் வடியும் துளைகளில் இலை அடைத்தால் ஈரம் அங்கேதான் இறங்கும். அங்கேதான் மின்னணுப் பெட்டிகளும் இருக்கின்றன. ஈரம் தெரிந்தால் விலை பேசாமல் திரும்பி வாருங்கள்.

புதிதாக வந்தபோது இது ஒரு லட்சத்துப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்ற கார். விலை விழுந்துவிட்டது, உதிரிபாகத்தின் விலை விழவில்லை. ஆகவே கையில் 25 ஆயிரம் இருந்தால் 17 ஆயிரத்துக்கு வண்டி தேடுங்கள், மீதி எட்டாயிரத்தை முதல் இரண்டு வருடத்துக்குத் தனியாக ஒதுக்குங்கள். அந்த எட்டாயிரத்தை ஒதுக்க முடியாது என்றால் இந்த வருடம் வேண்டாம். குழந்தையின் படிப்புப் பணத்திலிருந்தோ கிரெடிட் கார்டிலிருந்தோ எடுத்து இதற்குப் போடாதீர்கள், தம்பி தங்கைகளிடம் கேட்பதுபோல் கேட்கிறேன்.

பார்க்கப் போகும்போது, முந்தைய இரவிலிருந்தே வண்டியை எடுக்காமல் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். காலையில் எந்த மூலையாவது தாழ்ந்திருந்தால் வால்வு கசிகிறது என்று பொருள். என்ஜினை ஓடவிட்டு நிற்கையில் வண்டி மெல்லக் குலுங்கினால் அக்யூமுலேட்டரைச் சந்தேகப்படுங்கள். கூரையை நான்கைந்து முறை திறந்து மூடுங்கள். பிறகு, மெர்சிடிஸின் ஸ்டார் என்ற பழுதறியும் கணினி வைத்திருக்கும் தனி மெக்கானிக்கிடம் கொண்டுபோய் லிஃப்டில் ஏற்றிக் காட்டுங்கள். முந்நூறு டாலர் ஆகும். விற்பவர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

நியூ ஜெர்சி பக்கம் இருந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். சனிக்கிழமை காலையில் நானும் கூட வருகிறேன், டார்ச் லைட் எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
ஒரு பழைய எஸ்எல் 55-ன் சொந்தக்காரன்