தண்ணி நல்லா குடி

அன்பு மகன் குமரனுக்கு,

இங்கே எல்லாரும் நலம். போன்ல கேட்டா "ம்"னு வச்சிடற, அதனாலதான் கடுதாசி. ஐதராபாத்ல வெயில் ஏறியிருக்கும், தண்ணி நல்லா குடி. அம்மாவுக்கு முட்டிவலி அப்படியே இருக்கு. மத்த சேதி அப்புறம்.

நீ அனுப்பின 'சில்வர் லைனிங்ஸ் பிளேபுக்' படத்தைப் பார்த்தேன். "பாருங்கப்பா"ன்னு மட்டும் போட்டிருந்தே, ஏன்னு சொல்லல. செல்விதான் நிறுத்தி நிறுத்திச் சொன்னா. 8 மாசம் மனநல ஆசுபத்திரியில இருந்துட்டு வந்த பையன் குப்பைப் பையை மாட்டிக்கிட்டு ஓடறான். சிரிச்சேன். அவனும் அந்தப் பொண்ணும் சாப்பாட்டு மேஜையில எந்தெந்த மாத்திரை சாப்பிட்டோம்னு ஊர்க்கதை மாதிரி பேசிக்கிறாங்க பாரு, அங்கே சிரிப்பு நின்னுபோச்சு.

அந்த அப்பனுக்காகத்தான் அனுப்பினியா? மகன் பக்கத்துல உட்கார்ந்தாதான் தன் டீம் ஜெயிக்கும்னு அடம் பிடிக்கிறானே. 2011 உலகக் கோப்பை பைனல் அன்னிக்கு உன்னை ஒண்ணுக்குப் போகக்கூட விடல நான். நீ எழுந்தா தோனி அவுட்டுன்னு சொன்னேன். சிக்ஸர் போனதும் தெருவுக்கு ஓடினேன், உன்னைத் திரும்பிக்கூடப் பார்க்கல.

டான்ஸ் போட்டியில 10-க்கு 5 வாங்கிட்டு அதுங்க குதிக்குதுங்க. நீ 92 வாங்கினப்ப மீதி 8 எங்கேன்னு கேட்டவன் நான். ஆனா தண்டையார்பேட்டை முழுக்க அந்த 92-ஐச் சொல்லிக்கிட்டு அலைஞ்சேன், அது உனக்குத் தெரியாது. நீயும்தான் எதையும் சொல்ற பிள்ளை இல்லையே.

படத்துல ஒரு குறை. மாத்திரையை ஒழுங்கா முழுங்கினான், டான்ஸ் ஆடினான், எல்லாம் நேராயிடுச்சு. சின்னா சித்தப்பாவுக்கு அப்படியா ஆச்சு?

மருந்துக் கடையில விசாரிச்சேன், படத்துக்காகன்னு சொல்லி. மனநிலை சீரா இருக்கக் கொடுக்கிற லித்தியம் மாத்திரை சாப்பிடறவங்க தண்ணியும் உப்பும் குறைக்கக் கூடாதாம். அப்பப்போ ரத்தத்துல அளவு பார்க்கணுமாம். தானா நிறுத்தவே கூடாதாம். அதான் தண்ணி குடின்னேன்.

குமரா, காலேஜ் மூணாவது வருஷம் உன் அலமாரியில இருந்த மாத்திரைப் பட்டையை அம்மா எடுக்கல. நீ அவகிட்ட ஒரு மாசம் பேசல. குப்பையில போட்டது நான்தான். எம்புள்ளையை எவனும் 'கீழ்ப்பாக்கம் கேஸ்'னு சொல்லிடக் கூடாதுன்னு நினைச்சேன். அப்புறம் நீ நாலு ராத்திரி தூங்காம மொட்டைமாடியில நடந்தப்ப, தெருவே கேட்க அந்த வார்த்தையைக் கத்தினதும் நான்தானே. இதை அம்மாகிட்ட இன்னும் சொல்லல. நேத்துதான் சொல்லலாம்னு வாயெடுத்தேன், அவ தூங்கிட்டா.

செல்வி ஏதோ ஒரு பொண்ணு பேரைச் சொல்ல வந்து முழுங்கிட்டா. நான் கேட்கல.

ஏர்போர்ட்ல மெட்ரோ ஏறினா மாறாம நேரா தண்டையார்பேட்டையில இறங்கலாம். ரெண்டு பேரா வந்தாலும் சரி. வெள்ளிக்கிழமை மட்டும் வராதே, அம்மா மீன் வாங்க மாட்டா.

அப்பா