லாத்கில் டேலில் நிற்பது கோயில் தூண் அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் டெர்பிஷயரிலுள்ள லாத்கில் டேல் பள்ளத்தாக்கு பற்றிச் சென்ற இதழில் வந்த பயணக் கட்டுரையை ஆவலோடு படித்தேன். அங்கிருந்து ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கும் டெர்பி நகரில் பல வருடங்களாகக் குடியிருக்கிறேன். அந்தப் பள்ளத்தாக்கில் நான் நடக்காத மாதம் கிடையாது. நம் மொழியில் அதைப் பற்றி ஒருவர் எழுதியதே பெரிய சந்தோஷம். ஆனால் 'மனிதன் கை படாத கன்னிக் காடு' என்ற வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. பாசி படிந்த கல்தூண்களின் படத்துக்குக் கீழே 'பழங்காலக் கோயிலின் எச்சங்கள்' என்று போட்டிருந்ததைப் பார்த்தபோது சிரிப்பே வந்துவிட்டது.

அந்தத் தூண்களுக்கு இருநூறு வயதுகூட ஆகவில்லை. 1840 வாக்கில் மேண்டேல் ஈயச் சுரங்கத்தின் நீர்ச்சக்கரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோக லாத்கில் ஆற்றுக்குக் குறுக்கே மரத்தொட்டி ஓடை ஒன்றை அமைத்தார்கள். அதைத் தாங்கியவைதான் இவை. மரம் மக்கிப் போனது, கல் நின்றுவிட்டது. அதே பள்ளத்தாக்கில் லாத்கில்டேல் சுரங்கத்துக்காக 1836-இல் 52 அடி விட்டத்தில் ஒரு சக்கரம் சுழன்றது. இன்று பறவைச் சத்தமும் தண்ணீர்ச் சத்தமும் மட்டும் கேட்கும் அந்த இடம் ஒரு காலத்தில் தொழிற்பேட்டை.

கல்லின் கதையைக் கட்டுரையாளர் சரியாகவே தொட்டிருக்கிறார். சுமார் 33 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த நிலப்பகுதி நிலநடுக்கோட்டை ஒட்டி, வெதுவெதுப்பான ஆழமற்ற கடலுக்கடியில் கிடந்தது. அந்தக் கடலில் வாழ்ந்த, பூச்செடி போலத் தோன்றும் கடல் அல்லி என்ற உயிரினங்களின் தண்டுத் துண்டுகள் திருகாணி போலக் கல்லில் பதிந்திருக்கும். மேல் பள்ளத்தாக்கிலுள்ள ரிக்லோ குவாரியில் அந்தக் கல்லை வெட்டி, மெருகேற்றி, 'மார்பிள்' என்ற பெயரில் விக்டோரியா காலத்து வீடுகளின் கணப்படுப்புகளுக்கு விற்றார்கள். உண்மையில் அது சலவைக்கல்லே இல்லை, சுண்ணாம்புக்கல்தான்.

அவர் விட்டுவிட்டது தண்ணீரின் கதையை. என் கடிதமே அதற்காகத்தான். முதல் தடவை நான் போனது ஒரு ஆகஸ்ட் மாதம். வரைபடத்தில் நீலக்கோடு இருந்த இடத்தில் வெள்ளைக் கற்கள்தான் கிடந்தன. நாயோடு எதிரே வந்த முதியவர் ஒருவரிடம் மழை இல்லையா என்று கேட்டேன். "மழைக்கென்ன குறை? தண்ணீர் ஷெல்டன் பக்கம் போய்விட்டது" என்றார். அப்போது புரியவில்லை. சுண்ணாம்புக்கல்லில் வெடிப்பு வழியே தண்ணீர் இறங்குவது இயல்புதான். அதற்கு மேல் ஒரு காரியம் நடந்திருக்கிறது. சுரங்கத்தில் ஈயத்துக்கு அடுத்தபடி கிடைப்பது தண்ணீர். அதை வடிக்க மலைக்கு அடியில் மைல் கணக்கில் வடிகால் குடைந்தார்கள். இங்கே அதற்கு 'சஃப்' என்று பெயர். ஷெல்டன் ஊரை ஒட்டிய மேக்பை சுரங்கத்துக்காக 1873-இல் தொடங்கி 1881-இல் முடித்த சஃப், தண்ணீரை வடக்கே வை ஆற்றில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. சுரங்கத்தை மூடிப் பல காலம் ஆகிவிட்டது. சஃப் மட்டும் இரவு பகலாக இன்றும் வேலை பார்க்கிறது. லாத்கில்லுக்கு வரவேண்டிய நிலத்தடி நீரில் ஒரு பங்கு அந்த வழியே போகிறது. பள்ளத்தாக்கிலேயே வெட்டிய பழைய சுரங்கங்களும் ஆற்றுப்படுகையை ஓட்டைப் பானையாக்கிவிட்டன. கோடையில் மேல்பகுதி வற்றிப் போகும்போது, குட்டைகளில் மாட்டிக்கொண்ட டிரவுட் மீன்களைப் பிடித்துக் கீழே தண்ணீர் நிற்கும் இடத்தில் விடுகிறார்கள். 1676-இல் சார்ல்ஸ் காட்டன் என்ற தூண்டில் பிரியர், தான் பார்த்ததிலேயே மிகத் தெளிந்த ஆறு இதுதான் என்று எழுதிவைத்தார். இன்றும், இருக்கும் நாளில், அவ்வளவு தெளிவுதான்.

காட்டுக்கும் இதே கதைதான். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் ஈயம் உருக்க 'வெள்ளைக் கரி' வேண்டியிருந்தது. கரி என்று பெயரே தவிர, அது சூளையில் உலர்த்திய விறகு. அதற்காக இந்த வட்டாரத்துக் காடுகளில் மரத்தை அடியோடு வெட்டித் துளிர்க்க விடுவதும், துளிர்த்ததை மறுபடி வெட்டுவதுமாகவே இருந்தார்கள். இப்போது சரிவெங்கும் நிற்கும் ஆஷ் மரங்களுக்கும் கெட்ட காலம். கிழக்காசியாவிலிருந்து வந்த பூஞ்சை நோய் 2012-இல் பிரிட்டனில் உறுதியானது. நாட்டிலுள்ள ஆஷ் மரங்களில் 80 விழுக்காடு வரை பட்டுப்போகலாம் என்று மதிப்பிடுகிறார்கள். மற்ற காடுகளில் ஒரு மரம் போனால் வேறு மரம் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இங்கே காட்டில் பெரும்பங்கு ஆஷ்தான். அதனால் பெரிய இலை லைம் (எலுமிச்சை அல்ல), விச் எல்ம் போன்ற மரங்களை இப்போது கையால் நடுகிறார்கள். இதையும் கன்னிக் காடு என்பதா?

சுரங்கக் கழிவு மேடுகள் இன்னொரு வேடிக்கை. ஈயம் கலந்த மண்ணில் மேய்ந்த மாடுகள் நோயில் விழும். அதற்கு 'பெலண்ட்' என்று உள்ளூரில் ஒரு சொல்லே உண்டு. மற்ற செடிகள் முளைக்கத் தயங்கும் அதே விஷ மேட்டில் 'லெட்வொர்ட்' என்ற குட்டி வெள்ளைப்பூ கம்பளம் விரித்தாற்போலப் பூக்கிறது. பெயரிலேயே ஈயம் இருக்கிறது பாருங்கள். சுரங்கக்காரன் கொட்டிவிட்டுப் போன குப்பையில்தான் அதற்கு வாழ்வு. கட்டுரையாளர் ரசித்த 'இயற்கையின் வெள்ளைத் தூறல்' அதுவாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன்.

தேவதைக் கதைகளுக்குக் கட்டுரையில் இரண்டு பத்தி ஒதுக்கியிருக்கிறார். எனக்குத் தெரிந்த கதைகள் வேறு. டெர்பிஷயர் சுரங்கக்காரர்களிடம் 'டௌட் மேன்' என்று ஒரு வழக்கு உண்டு. 'பெரியவர்' என்று சொல்லலாம். முன்பு தோண்டிய தலைமுறைக்கும் அதே பெயர், அவர்கள் விட்டுப்போன பழைய பொந்துகளுக்கும் அதே பெயர், அங்கே உலவும் ஆவிக்கும் அதே பெயர். ஈயம் தீர்ந்த பொந்தில் போய் முட்டிக்கொண்டால், 'பெரியவர் முந்திக்கொண்டார்' என்பதுதான் பொருள். சாப்பாட்டில் ஒரு துண்டை அவருக்கென்று வைத்துவிட்டு வருவார்களாம். படையல் போட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. கையில் குந்தாலியும் கூடையுமாக ஒரு சுரங்கக்காரரின் பழைய கல்லுருவம் வர்க்ஸ்வர்த் ஊர்த் தேவாலயச் சுவரில் இருக்கிறது. இந்த வட்டாரத்துக்குப் போகிறவர்கள் அதை விடாமல் பார்க்க வேண்டும்.

மேக்பை சுரங்கத்தின் சாபக் கதை கொஞ்சம் கனமானது. 1833-இல் பக்கத்துச் சுரங்கத்துக்காரர்களோடு ஈய நரம்பு யாருக்கு என்று தகராறு. ஒருவரையொருவர் விரட்டப் பூமிக்கடியில் தீ மூட்டினார்கள். புகையில் மூன்று பேர் மூச்சடைத்து இறந்தார்கள். வழக்கு நடந்தது, எல்லோரும் விடுதலையானார்கள். இறந்தவர்களின் மனைவிமார் சுரங்கத்தைச் சபித்தார்களாம். அதற்குப் பிறகு அங்கே லாபம் தங்கவில்லை என்பது ஊர்ப்பேச்சு. அந்தச் சுரங்கத்தின் சஃப்தான் இன்றைக்கும் ஆற்றைக் குடிக்கிறது என்பதால், எனக்கு இந்தக் கதை வெறும் கதையாகப் படுவதில்லை.

பள்ளத்தாக்கை ஒட்டிய ஓவர் ஹாடன் கிராமத்து மார்த்தா டெய்லரையும் சொல்லாமல் விட முடியவில்லை. 1667 கடைசியிலிருந்து ஒரு வருடத்துக்கும் மேலாக அந்தப் பெண் எதுவும் உண்ணவில்லை என்றார்கள். ஊரார் முறைவைத்துக் காவல் இருந்தார்கள். துண்டுப் பிரசுரங்கள் அச்சாகின. எண்பது வயதுத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ்கூட 1668-இல் அவளைப் பற்றிக் கடிதம் எழுதியிருக்கிறார். அற்புதமா, ஏமாற்றா, நோயா என்று அன்றைக்கே சண்டை. என் கட்சி நோய்.

தூண்களின் படத்துக்கு அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போட்டால் நன்றாக இருக்கும். படித்துவிட்டுக் கிளம்புகிற வாசகர்களுக்கு ஒன்று: ஆறு பார்க்க வேண்டுமென்றால் பிப்ரவரியில் போங்கள். இந்தத் தேசிய இயற்கைக் காப்பகத்துக்கே பேர் வாங்கிக் கொடுத்த 'ஜேக்கப்ஸ் லேடர்' என்ற நீலப்பூ, அதாவது 'யாக்கோபின் ஏணி', ஜூன் கடைசியில்தான் பூக்கும். ஏணிப்படி மாதிரி எதிரெதிரே அடுக்கிய இலையை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம். இரண்டையும் ஒரே நடையில் பார்க்கும் ஆசை எனக்கும் இருக்கிறது. மழை நிறைந்த ஜூன் அமைந்தால் உங்களுக்கு ஒரு படம் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்,
டெர்பி, இங்கிலாந்து