'கேட் பீப்பிள்' வெறும் கவர்ச்சிப் படம் இல்லைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை சினிமா பக்கத்துல ரீமேக் படங்கள பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். மத்ததெல்லாம் நல்லாதான் இருந்துச்சு, ஆனா 1982ல பால் ஷ்ரேடர் எடுத்த 'கேட் பீப்பிள்' படத்துக்கு மட்டும் ரெண்டே வரி, அதுலயும் பழைய படத்த கவர்ச்சி காட்டி கெடுத்துட்டாங்கன்னு ஒரு தீர்ப்பு. எனக்கு மனசு ஆறல, அதான் எழுதுறேன்.

முதல்ல பழைய படத்த எடுத்துக்குவோம். 1942ல ஆர்.கே.ஓ. கம்பெனி எடுத்தது, செலவு ஒன்றரை லட்சம் டாலர்கூட ஆகல. நியூயார்க்ல இருக்குற செர்பியப் பொண்ணு இரேனா, தான் ஆசைப்பட்டு ஒருத்தன நெருங்குனா சிறுத்தையா மாறி அவன கொன்னுடுவோம்னு பயந்துபோய் இருக்கா. கல்யாணம் ஆகுது, ஆனா புருஷன் ஒரு ரூம்ல இவ ஒரு ரூம்ல. மூடுன கதவுக்கு இந்தப் பக்கம் அவ அப்படியே சரிஞ்சு உக்காருறா, எங்கயோ மிருகக்காட்சி சாலைல சிறுத்தை உறுமுற சத்தம் கேக்குது. அவ்ளோதான் காட்டுறாங்க. அதுக்கு மேல காட்ட அப்போ ஹாலிவுட்ல இருந்த தணிக்கை விதியும் விடாது, கையில காசும் கிடையாது. ஆனா அந்தக் காட்சி எதப் பத்தினது, நீங்களே சொல்லுங்க. ஆசை 82ல யாரோ கொண்டுவந்து ஒட்டவெச்சது இல்லைங்க, 42லயே அது அந்தக் கதவுக்குப் பின்னாடி இருந்துச்சு, ஷ்ரேடர் கதவ திறந்தாரு.

ஷ்ரேடர் ரொம்ப கண்டிப்பான கால்வினிச கிறிஸ்தவக் குடும்பத்துல வளந்தவரு, டீன் ஏஜ் முடியுற சமயம் வரைக்கும் சினிமாவே பாக்க விடாத வீடு அது. உடம்பு ஆசைன்னாலே பாவம்னு கேட்டு வளந்த ஒருத்தர் இந்தக் கதைய கையில எடுக்கும்போது அதுல கிளுகிளுப்ப விட பயம்தான் ஜாஸ்தி இருக்கும், படத்துலயும் அப்படித்தான் இருக்கு. புதுப் படத்துல இரேனாவா நடிக்கிற நாஸ்டாஸ்யா கின்ஸ்கி எந்த இடத்துலயும் மயக்க வந்தவளா வரல, தன் உடம்புக்குள்ள என்ன இருக்குன்னு தனக்கே தெரியாம நியூ ஆர்லியன்ஸுக்கு அண்ணன தேடி வந்து இறங்குற பொண்ணாதான் வர்றா. அண்ணனா மால்கம் மெக்டவல். அவன் சொல்ற விதி கொடூரமானது. நம்ம இனத்துக்குள்ளயே சேந்தா மனுஷங்களாவே இருக்கலாம், வெளிய ஒருத்தர தொட்டா சிறுத்தையாயிடுவோம், திரும்ப மனுஷ உருவம் வேணும்னா ஒரு உயிர எடுத்தாகணும். நம்ம கதைல எல்லாம் கூடு விட்டு கூடு பாயுறது ஒரு வித்தை, சித்தர் நினைச்சா போவாரு வருவாரு. இங்க அது ரத்தத்துலயே வர்றது, தப்பிக்க வழியே இல்ல, அவ காதலிச்சா போதும். இந்தக் கதைலேந்து உடம்ப எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கும்னு கட்டுரை எழுதுனவர் யோசிச்சிருக்கலாம்.

குறையே இல்லன்னு நான் சொல்ல வரல. பழைய படத்துல இரேனா புருஷனோட வேலை பாக்குற ஆலிஸ் ராத்திரி தனியா நீச்சல் குளத்துல மாட்டிக்குவா பாருங்க, சுவர்ல தண்ணியோட அசைவும் நிழலும் மட்டும், மிருகத்த காட்டவே மாட்டாங்க, இன்னைக்கும் முதுகு சில்லுனு ஆயிடும். அதயே ஷ்ரேடர் திரும்ப எடுத்திருக்காரு, ஆனா அந்த இடத்துல மேலாடை இல்லாம நீந்துறதுதான் கண்ணுக்கு படுது, பயம் வரல. இந்த ஒரு காட்சிக்காக கவர்ச்சின்னு சொல்லியிருந்தா நானும் ஒத்துக்குவேன். பழச அப்படியே பிடிச்சுக்கிட்ட இடத்துல தோத்துட்டாரு, தன் வழியில போன இடத்துலதான் படம் எந்திரிச்சு நிக்குது.

அந்த ஆரம்பக் காட்சிய எத்தன தடவ பாத்தாலும் எனக்கு அலுக்கல. ஆரஞ்சுக் கலர்ல ஒரு பாலைவனம், எந்த நாடு எந்தக் காலம்னு சொல்றதே இல்ல, ஒத்த மரம், அதுல ஒரு பொண்ண கட்டிவெச்சிருக்காங்க, சிறுத்தை மெதுவா வருது. காட்சி வடிவமைப்பு ஃபெர்டினாண்டோ ஸ்கார்ஃபியோட்டி, இத்தாலிக்காரர், கேமரா ஜான் பெய்லி. மேல ஜார்ஜியோ மொரோடரோட சிந்தசைசர் இசை, கூடவே டேவிட் போவி வாய தொறக்காம முனகுற குரல். கனவுல நடக்குற மாதிரியே இருக்கும். அதுக்கு முந்துன வருஷம் 1981லதான் ஓநாய் மனுஷன் படங்கள்ல எலும்பு நீளுறது முகம் நீளுறதுன்னு மேக்கப் வித்தைய காட்டி ஜனங்கள வாயடைக்க வெச்சிருந்தாங்க. இதுலயும் தோல் கிழிஞ்சு உள்ளேந்து மிருகம் வர்ற காட்சி இருக்கு, ஆனா சட்டுனு முடிஞ்சிடும், ஏன்னா அவ பக்கத்துல படுத்திருக்கறவன என்ன செய்யப்போறாங்கறதுதான் அங்க விஷயம். அவ அவன கொல்லாம போயிடுறா. மொத்தப் படத்துலயும் எனக்கு தொண்டை அடைச்ச இடம் அதுதான்.

கடைசிக் காட்சிக்கு வர்றேன், படம் பாக்காதவங்க இந்தப் பத்திய தாண்டிடுங்க. இரேனா தானே கேட்டுக்கிறா, என்ன என் இனத்தோட சேத்துவிடுன்னு. அவ காதலிக்கிற ஆலிவர் அவள கட்டில்ல கயிறு போட்டு கட்டி, தெரிஞ்சே அவளோட சேர்றான், அவ சிறுத்தையாயிடுறா. அப்புறம் அவன் வேலை பாக்குற அதே மிருகக்காட்சி சாலைல, கூண்டுக்குள்ள அவ. இவன் கம்பி வழியா கையாலயே ஊட்டுறான், கழுத்த தடவி குடுக்குறான், அவ உறுமுறா, படம் அப்படியே உறைஞ்சு போவி பாட்டு ஆரம்பிக்குது. அவன் அவள காப்பாத்துனானா, இல்ல தனக்குன்னு பூட்டி வெச்சுக்கிட்டானா? நான் ரெண்டாவதுதான்னு நினைக்கிறேன், என் தங்கச்சி முதலாவதுன்னு சொல்லுவா, இத பத்தி எங்களுக்குள்ள பல ராத்திரி பேச்சு ஓடியிருக்கு. வெறும் கவர்ச்சிக்காக எடுத்த படம் இப்படி ஒரு கேள்விய விட்டுட்டு போகுமா சொல்லுங்க.

இன்னொன்னு, 1942 படத்த இயக்குனவர் வால் லூட்டன்னு உங்க கட்டுரைல இருக்கு, அது தப்புங்க. லூட்டன் தயாரிப்பாளர், இயக்குனர் ஜாக் டூர்னர். அடுத்த ஞாயித்துக்கிழமை ஒரு திருத்தமாவது போடுங்க, ப்ளீஸ்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி