அந்த உயரமான பெடியனைப் பற்றி

அன்பு மகளுக்கு,

அவுஸ்திரேலிய ஃபுட்போல் கழகத்துக்கு ஆள் தேடுகிற வேலையில், 198 சென்ரிமீற்றர் பெடியனைப் பற்றி நீ எழுதிய அறிக்கையை வாசித்தேன். அனுப்பிய வீடியோக்களையும் பார்த்துவிட்டேன். மூன்றாவது பத்தியில் "மோதலுக்குப் பின்வாங்குகிறான்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். திங்கட்கிழமை அறிக்கையை அனுப்ப முதல் அந்த வரியை எடுத்துவிடு. அது பிழை என்றுதான் எனக்குப் படுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

பேர்த் பஸண்டீன் ஓவல் ஆட்டத்தின் இரண்டாவது குவாட்டரைத் திரும்பவும் போட்டுப் பார். பந்து உயரமாக மிதந்து வருகிறது. இவன் கோல் பக்கத்திலிருந்து ஓடிவந்து எழும்புகிறான். பந்து விரல் நுனியில் பட்டு நழுவிப்போகிறது. மறுபக்கத்துப் பெடியன் பின்னாலிருந்து வந்து முதுகில் இடித்து விழுத்துகிறான். நீ நழுவிய பந்தைப் பார்த்திருக்கிறாய். நான் படத்தை நிறுத்தி நிறுத்தி அவன் முகத்தைப் பார்த்தேன். பயந்த பெடியனுக்குக் கடைசி நேரத்தில் கண் பந்தை விட்டுவிடும், இடிக்க வருகிறவன் எங்கே என்று பக்கவாட்டில் தேடும். இவன் கண் விரலில் பந்து படும்வரைக்கும் பந்தை விட்டு விலகவே இல்லை. பிழை அவன் எழும்பிய நேரத்தில் இருக்கிறது. கொஞ்சம் முந்தி எழும்பிவிடுகிறான். உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும்போதுதான் பந்து வந்து சேர்கிறது. போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் இடையில் 7 சென்ரிமீற்றர் வளர்ந்திருக்கிறான் என்று நீயே எழுதியிருக்கிறாய். ஒரே மாரியில் நெடுத்த முருங்கைபோல இருக்கிறான். போன வருடத்து உடம்பின் கணக்கில் இந்த வருடத்து உடம்பைத் தூக்கினால் பந்து நழுவத்தான் செய்யும். நல்ல பயிற்சியாளர் கையில் இது ஒரு சீசனில் சரியாகிற விஷயம்.

ஆனால் "பின்வாங்குகிறான்" என்று ஒருமுறை எழுதிவிட்டால் அது இலேசில் அழியாது. மெல்பேர்னில் இருந்து உன் அறிக்கையை வாசிக்கிறவர்கள் அவனை நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். மேற்கு அவுஸ்திரேலியாவில் அவர்களுக்கு நீதான் கண். நூற்றுக்கணக்கான பெயர்களில் ஒரு பெயரைத் தள்ளிவைக்க அந்த ஒரு வரி போதும்.

இன்னொன்றை நீ எழுதாமல் விட்டிருக்கிறாய். அவன் பிறந்தது நவம்பர் கடைசியில். டிசம்பர் 31க்குள் 18 வயது நிரம்புகிற எல்லாரும் ஒரே வருடத்து டிராஃப்டில், கழகங்கள் வரிசையாகப் புது ஆட்களைத் தெரிவுசெய்கிற இடத்தில், நிற்கிறார்கள். ஜனவரியில் பிறந்தவனுக்கும் இவனுக்கும் கிட்டத்தட்ட ஒரு வருட வித்தியாசம். அந்த வயதில் ஒரு வருடம் என்பது தோளிலும் தொடையிலும் தெரியும். அவனை இடித்து விழுத்தினானே, அந்தப் பெடியனின் பிறந்த திகதியையும் எடுத்துப் பார்.

உயரமான பெடியன்களைப் பற்றி இங்கே எல்லாரும் பொறுமை வேண்டும் என்று சொல்வார்கள், சொல்லிவிட்டு இரண்டாவது வருடமே சலித்துக்கொள்வார்கள். 2021 இறுதியாட்டம் பேர்த்தில் நடந்தபோது நீ மைதானத்தில் இருந்தாய். மெல்பேர்ன் அணி 1964க்குப் பிறகு முதன்முறையாகக் கிண்ணத்தைத் தூக்கியது, தூக்கியவர் அணித்தலைவர் மாக்ஸ் கோன். அவர் 2009 டிராஃப்டில் 34ஆவதாக எடுக்கப்பட்டவர். வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர்களைச் சேர்த்துப் பெயரிடுகிற ஆல் அவுஸ்திரேலியன் அணிக்கு முதன்முதலில் தெரிவானது 2016இல். இடைப்பட்ட வருடங்களில் அவரை விட்டுவிடச் சொன்னவர்கள் கனபேர். கோனைப்போல ரக் இடத்தில், நடுவர் மேலே போடுகிற பந்துக்கு எழும்புகிற இடத்தில், ஆடுகிறவனுக்கு எதிரே நிற்பது முப்பது வயதை எட்டிய, நூறு கிலோவுக்கு மேற்பட்ட ஆள். அந்த உடம்போடு உடம்பு வைத்துத் தள்ளுகிற பலம் பதினெட்டில் யாருக்கும் வராது.

அதே கழகத்தில் ஜாக் வாட்ஸையும் நினைத்துப் பார். 2008இல் முதலாவது தெரிவு. அடுத்த வருடம் ஜூனில், 18 வயதில், கொலிங்வூட்டுக்கு எதிராக மெல்பேர்னின் பெரிய மைதானமான எம்.சி.ஜி.யில் அந்தப் பெருங்கூட்டத்துக்கு முன்னால் இறக்கினார்கள். மெலிந்த உடம்பு. பந்து கைக்கு வந்தவுடனேயே மூன்று பேர் மேலே விழுந்தார்கள். அதற்குப் பிறகு 170க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார், ஆனாலும் இரண்டாவதாக எடுக்கப்பட்ட நிக் நைட்டனூயியின் பெயரைச் சொல்லியே கடைசிவரை அவரை அளந்தார்கள். எனக்கு இன்றைக்கும் அது மனவருத்தம். அவருடைய கால் உதை அவ்வளவு அழகு. வாட்ஸின் திறமையை எடைபோட்டவர்கள் பிழை விட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. எப்போது தயாராவார் என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை, எழுதியிருந்தால் யாரும் கேட்கவில்லை. உன் அறிக்கையில் அந்த வரி கட்டாயம் இருக்கவேண்டும். இவன் நான்காவது வருடத்தில்தான் முதல் அணிக்கு உதவுவான் என்று நீ நினைத்தால் அப்படியே எழுது. அவ்வளவு காலம் வைத்திருக்க அவர்களால் முடியாது என்றால் எடுக்காமல் விடட்டும். அதுவும் அவனுக்கு நல்லதுதான்.

ஓட்டக் கணக்கைப் பற்றிக் கேட்டிருந்தாய். 20 மீற்றர் ஓட்டம், எழும்பும் உயரம், வளைந்து ஓடும் வேகம், 2 கிலோமீற்றர் ஓட்டம் எல்லாம் வேண்டியவைதான். ஒக்ரோபரில் அளந்து தருவார்கள், அதற்கு உன் கண் தேவையில்லை. நீ இருக்கிற ஊரிலேயே மட் பிரிடிஸ் இருந்தார். மெதுவாக ஓடுகிறார் என்று டிராஃப்டில் திரும்பத் திரும்ப அவரைத் தாண்டிப் போனார்கள். பேர்த் கழகமான வெஸ்ட் கோஸ்ட் கடைசியில் ரூக்கியாக, பிரதான பட்டியலுக்கு வெளியே, எடுத்தது, 2014இல் வருடத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கம் வாங்கினார். அவரிடம் இருந்தது, பந்து எங்கே விழும் என்று மற்றவர்களுக்கு முந்தியே தெரிகிற அறிவு. அதை எந்த மணிக்கூடும் அளக்காது. ஜேம்ஸ் ஹேர்ட் 1990இல் 79ஆவது, டேன் ஸ்வான் 2001இல் 58ஆவது, இருவரும் பிரவுன்லோ வாங்கினார்கள். ஆனால் இந்தப் பெயர்களைக் காட்டி எவனையும் எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. அந்த இலக்கங்களில் எடுபட்டு ஒரு ஆட்டம்கூட ஆடாமல் வீட்டுக்குத் திரும்பியவர்கள்தான் கூட. பெயர் தெரியாததால் அவர்களை யாரும் உதாரணம் காட்டுவதில்லை. அதனால்தான் "இன்னாரைப்போல வருவான்" என்று உன் அறிக்கையின் முடிவில் நீ போட்டிருக்கிற ஒப்பீடும் எனக்குப் பிடிக்கவில்லை. அதையும் எடு.

சரி, எனக்கு அவனிடம் பிடித்தது எது என்று சொல்கிறேன். டண்டினோங்கில் கோல் நடுவராக வெள்ளைக் கோட்டும் இரண்டு கொடியுமாகக் கோல் கம்பங்களுக்கு நடுவில் நின்ற காலத்தில் நான் பழகிக்கொண்ட ஒரு பார்வை இது. பந்து மறுகோடியில் இருக்கும்போது முன்வரிசைக்காரன் என்ன செய்கிறான் என்று அங்கேயிருந்து வடிவாகத் தெரியும். கனபேர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்பார்கள். உன்னுடைய பெடியன் நிற்கவில்லை. தன்னை மறிக்கிறவனை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போய், சட்டென்று திரும்பி, முன்னுக்கு ஓடுகிறான். பந்து வரவில்லை. திரும்ப நடந்து போய் அதையே செய்கிறான். கடைசிக் குவாட்டரில், ஆட்டம் கைவிட்டுப் போன பிறகும், அதையே செய்கிறான். அவன் இழுத்துவிட்ட இடைவெளியில் சின்னப் பெடியன் ஒருவன் ஓடிவந்து இரண்டு கோல் போட்டான். பந்து இவன் கையில் படாததால் கணக்கில் இவன் பெயர் வராது. பயிற்சியாளர்கள் இப்படிப்பட்டவனுக்காக உயிரைக் கொடுப்பார்கள்.

பந்து நழுவிய பிறகு நடந்ததையும் பார். விழுந்தவன் எழும்பி, நடுவரைப் பார்த்துக் கையை விரிக்காமல், பந்தோடு ஓடினவனைத் துரத்திப் போனான். பிடிபடவில்லை, ஆனால் அந்தப் பெடியன் அவசரப்பட்டு உதைத்த பந்து கோட்டுக்கு வெளியே போனது. மோதலுக்குப் பயந்தவன் துரத்திப் போவானா, சொல்லு.

இப்போது எனக்குள்ள உண்மையான கவலை. அது அவன் உதையில் இருக்கிறது, நீ அதை ஒரே சொல்லில் "பரவாயில்லை" என்று தாண்டிவிட்டாய். பந்தை இடுப்புக்கு மேலே தூக்கிப் பிடித்து, அவ்வளவு உயரத்திலிருந்து விடுகிறான். கையை விட்டுக் காலைத் தொடும்வரை பந்து நெடுந்தூரம் தனியாக வருகிறது, காற்றடித்தால் அதற்குள் சரிந்துவிடும். வலதுகால் ஒழுங்காக நீண்டு நேராகத்தான் போகிறது, பந்து இறங்கும் இடம்தான் ஒவ்வொரு முறையும் மாறுகிறது. உதைத்து வந்த பந்தை நிலத்தில் படாமல் பிடித்து மார்க் வாங்கிவிட்டு, யாரும் தொடாமல், 35 மீற்றரிலிருந்து கோல் போட வேண்டிய ஆள் இவன். கோலுக்கு ஆறு புள்ளி வரவேண்டிய இடத்தில், பக்கத்தால் போய் ஒன்றொன்றாக வந்தால் கழகம் எவ்வளவு நாள் பொறுக்கும்? பயிற்சியின்போது கம்பத்துக்குப் பின்னால் போய் நின்று பார். பத்துப் பதினைந்து உதைகளில் பந்து எந்த உயரத்திலிருந்து விழுகிறது என்று குறித்துக்கொள். யாராவது அவனுக்கு இதைச் சொல்லியிருக்கிறார்களா, சொன்ன பிறகு மாற்றினானா என்று கேள். ஏப்ரல் மாதத்து வீடியோ கிடைத்தால் இப்போதுள்ளதோடு பக்கத்தில் வைத்துப் பார். ஏப்ரலுக்கும் ஓகஸ்டுக்கும் இடையில் கொஞ்சமாவது நகர்ந்திருந்தால் நான் அவனை எடுப்பேன். நகரவில்லை என்றால் யோசிப்பேன்.

கடைசியாக, வீடு. கோதுமை விளைகிற ஊரிலிருந்து வந்து பேர்த்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறான் என்றாய். வீட்டைவிட்டு இருந்து பழகியவன், அது நல்லது. ஆனால் மெல்பேர்ன் நான்கு மணிநேர விமானப் பயணம். நீ இங்கிருந்து பேர்த்துக்கு வேலைக்குப் போனபோது உனக்கு இருபத்தைந்து தாண்டியிருந்தது, அப்படியிருந்தும் முதல் மாதம் முழுக்க இரவில் அம்மாவுக்குப் போன் எடுத்தாய். இவன் பதினெட்டில் போகப்போகிறான், ஆட்டம் சரிவராத கிழமைகளில் ஊரெல்லாம் அவனைப் பற்றிக் கதைக்கும். டொம் போய்ட் 2013இல் முதலாவது தெரிவு. 2016 இறுதியாட்டத்தில் வெஸ்டர்ன் புல்டோக்ஸுக்கு மூன்று கோல் போட்டு, அந்தக் கழகத்தின் அறுபது வருடக் காத்திருப்பை முடித்துவைத்தவர்களில் ஒருவர். 23 வயதில் ஆட்டத்தை விட்டுவிட்டார். மனமும் உடம்பும் தாங்கவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். அவ்வளவு திறமையுள்ளவருக்கே அது நடந்தது. விடுதிப் பொறுப்பாளரோடு கதை. தோற்ற ஆட்டத்துக்கு அடுத்த நாள் எப்படி இருக்கிறான், யாரோடு கதைக்கிறான் என்று கேள். தாய் தகப்பனையும் ஒருமுறை பார். துருவித் துருவிக் கேட்காதே, தேத்தண்ணி குடித்துக்கொண்டு கதைத்தால் போதும்.

என்னுடைய கணிப்பு இதுதான்: 40க்குப் பிறகு எடுக்கலாம், அல்லது ரூக்கிப் பட்டியலில். முன்வரிசையில் தொடங்கி, உடம்பு நிறைந்த பிறகு ரக் இடத்தில் உதவிக்கு. அவ்வளவு பின்னால் எடுபடுகிறவனுக்கு முதல் ஒப்பந்தம் கூடினால் இரண்டு வருடம்தான், இவனுக்கு அது போதாது. மூன்றாவது வருடத்தையும் மனதில் வைத்துக்கொண்டு எடுங்கள் என்று அறிக்கையிலேயே கேள். அதைக் கேட்கிற உரிமை உனக்கு இருக்கிறது.

வருகிற சனிக்கிழமை அவன் ஆடுகிறான்தானே. பந்து தரையில் கிடக்கும்போது அந்த உயரத்திலிருந்து எவ்வளவு கெதியாகக் குனிகிறான் என்று பார். வீடியோவில் எனக்கு அது சரியாகப் பிடிபடவில்லை. இடதுகாலால் ஒரு தடவையாவது உதைக்கிறானா என்றும் பார். ஞாயிறு பின்னேரம் போன் எடு, இரண்டு பேருமாக அந்த மூன்றாவது பத்தியைத் திருத்துவோம். அம்மாவும் உன்னோடு கதைக்கவேண்டுமாம், முதலில் அவவிடம் கதைத்துவிட்டு என்னிடம் வா.

அன்புடன்,
அப்பா