பெண்கள் ஐக்கிய சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–2025

கிறிஸ்துவுக்குள் அன்பான ஐயரவர்களுக்கும், ஐயரம்மா அவர்களுக்கும், சேகரக் கமிட்டியாருக்கும், சங்கத்துச் சகோதரிகளுக்கும் ஸ்தோத்திரம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. பெண்கள் ஞாயிறு ஆராதனையை நம் சகோதரிகளே நடத்தினார்கள். சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசன விழாவில் காய்கறி நறுக்குவதும் பந்தி விசாரிப்பதும் வழக்கம்போல நம் தலையில்தான் விழுந்தது, குறைவின்றி முடித்தோம். வரவு செலவைப் பொருளாளர் அக்கா வாசிப்பார்கள். பிடியரிசிக் காணிக்கை பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: மே மாதம் நடந்த பெண்பிள்ளைகள் முகாமுக்கு அரிசி கடையில் வாங்கவில்லை. உலை வைக்குமுன் நீங்கள் எடுத்துவைத்த பிடிதான் பிள்ளைகளின் தட்டில் விழுந்தது. பல வீட்டு அரிசி கலந்ததால் சோறு ஒரு பக்கம் குழைவாகவும் ஒரு பக்கம் விறைப்பாகவும் இருந்தது என்று சமையல் பொறுப்பாளர் குறைப்பட்டார். பிள்ளைகள் அதையெல்லாம் கவனித்ததாகத் தெரியவில்லை.

இனி முகாம். மே மாத விடுமுறையில் நம் சேகரத்துப் பள்ளி வளாகத்தில், ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரையுள்ள பெண்பிள்ளைகளுக்காக நடத்தினோம். வேதபாடம், ஆக்‌ஷன் பாட்டு, கேம்ப் ஃபயர் எல்லாம் உங்கள் வீட்டுப் பிள்ளைகளே பாடியும் ஆடியும் காட்டியிருப்பார்கள். குழுக்களுக்கு ரூத், எஸ்தர், தெபொராள், லீதியாள் என்று பெயர். வேதத்தில் வீட்டுவேலையிலேயே மூழ்கியிருந்த மார்த்தாளின் பெயரை வைத்தால் அந்தக் குழுவில் சேர ஆளில்லை. பாத்திரம் கழுவ விட்டுவிடுவார்களாம்!

நான் முக்கியமாகப் பேச விரும்புவது லீடர்களைப் பற்றி. முகாம் லீடர் என்றால் பாட்டுச் சொல்லிக் கொடுப்பவர், வசனம் ஒப்புவிக்க வைப்பவர் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அதற்கு ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்கள் போதும். லீடருடைய வேலை விளக்கை அணைத்த பிறகு ஆரம்பிக்கிறது. முதல் ராத்திரி வீட்டை நினைத்து அழும் பிள்ளை, கழிப்பறைக்குத் தனியாகப் போகப் பயப்படும் பிள்ளை, பக்கத்துப் பாயிலிருந்து பேன் ஏறிவிடும் என்று முகம் சுளிக்கும் பிள்ளை எல்லாரையும் பார்ப்பது அவர்தான்.

இந்த முறை ஒரு லீடர் தங்கை செய்ததைச் சொல்கிறேன். மாலை ஜெபத்துக்கு எல்லாரும் ஹாலுக்குள் போனபோது ஒரு பிள்ளை மட்டும் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே வா என்று எல்லாரும் கூப்பிட்டுப் பார்த்தார்கள், வரவில்லை. இந்தத் தங்கை போய் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம்தான் விஷயம் வந்தது. மாதவிலக்கு நாளில் பைபிளைத் தொடக்கூடாது, ஜெபத்துக்குப் போகக்கூடாது என்று வீட்டில் ஆச்சி சொல்லியிருக்கிறார்கள். தங்கை பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. மாற்கு ஐந்தாம் அதிகாரத்தைத் திறந்து, பன்னிரண்டு வருஷம் பெரும்பாட்டினால், அதாவது நிற்காத உதிரப்போக்கினால், வருந்திய ஸ்திரீ இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்ட பகுதியை அவளிடமே கொடுத்து வாசிக்கச் சொன்னார். வாசித்து முடித்ததும் அவள் கேட்டது: “அக்கா, அவங்களை அவர் ஏசவே இல்லையா?” இரண்டு பேரும் சேர்ந்தே உள்ளே வந்தார்கள்.

இதைக் கேள்விப்பட்டு, வீட்டுப் பழக்கத்தில் முகாம் தலையிடலாமா என்று ஓரிருவர் என்னிடம் கேட்டார்கள். தலையிடலாம் என்பதே என் கருத்து. அறைதோறும் நாப்கின், பழைய செய்தித்தாள், மூடியுள்ள குப்பைவாளி வைத்ததையும் சிலர் வீண் செலவு என்றார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புதுயுகம் திட்டத்தில் பள்ளியிலேயே நாப்கின் கிடைக்கிறது. நம் முகாமில் அதைக் கேட்கக் கூசி நிற்கவேண்டுமா என்ன?

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். உடல்நல விவரத் தாளில் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிவிட்டு, பையின் அடியில் வலிப்பு மாத்திரையைப் பொட்டலம் கட்டி அனுப்பாதீர்கள். நாளைக்குக் கல்யாணப் பேச்சில் இது வந்துவிடுமோ என்ற பயம் எனக்கும் புரிகிறது. ஆனால் புது இடத்துக் கும்மாளத்தில் ஒரு வேளை மாத்திரை தவறினாலும் வலிப்பு வரலாம். படுக்குமுன் பையைத் துழாவிக்கொண்டிருந்த பிள்ளையிடம் லீடர் பக்குவமாக விசாரித்ததால்தான் நமக்குத் தெரிந்தது. அந்தத் தாள் லீடர் கையைத் தாண்டிப் போகாது.

பாதுகாப்பு விஷயத்தில் இந்த ஆண்டு கறாராக இருந்தோம். அறைக்கு இரண்டு லீடர்கள், தனியறையில் ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் மட்டும் இருக்கக்கூடாது, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடக்கூடாது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தை லீடர் பயிற்சியில் ஒரு வழக்கறிஞர் சகோதரி விளக்கினார். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தும் புகார் கொடுக்காமல் இருப்பதே குற்றம். சபைக்குள்ளே பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எல்லாப் பிள்ளைகளும் மனப்பாடமாகச் சொன்னார்கள்.

ஒருநாள் கால்டுவெல் ஐயர் ஊழியம் செய்த இடையன்குடிக்குப் போய்வந்தோம். வேன் மிகவும் தாமதமாக வந்ததால் தேரிக்காட்டுச் செம்மணல் கால் சுடும் நேரத்தில்தான் போய் இறங்கினோம். கால்டுவெல்லைத் தமிழ்ப் பாடத்தில் படித்திருந்த பிள்ளைகள், 1880-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட பரிசுத்த திரித்துவ ஆலயத்தில் அவருடைய கல்லறையைப் பார்த்தார்கள். லீடர்கள் பேசியதோ அவருடைய மனைவி எலைசாவைப் பற்றி. நாகர்கோவில் மிஷனரி மால்ட் ஐயரின் மகள். 1844-இல் மணமாகி இடையன்குடிக்கு வந்து, பெண்பிள்ளைகளுக்கு எழுத்தும் லேஸ் பின்னலும் கற்றுக்கொடுத்தவர். கையில் தொழில் இருந்த பெண்ணுக்கு வீட்டில் கிடைத்த மரியாதையைப் பற்றித் திரும்பும் வழியெல்லாம் பேச்சு. உவரிக் கடலில் குளிக்கவேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தார்கள். லீடர்கள் மசியவில்லை, நானும் அவர்கள் பக்கம்தான்.

குறை என்று பார்த்தால் லீடர் பற்றாக்குறை. வேலைக்குப் போகும் இளம் பெண்களுக்கு லீவு கிடைப்பதில்லை. மாமியார் சம்மதம் இல்லாமல் மருமகள்கள் ராத்திரி தங்க முடிவதில்லை. கடைசி வாரத்தில் யார் சும்மா இருக்கிறார்களோ அவர்களைப் பிடித்துப்போடும் வழக்கம் இனி வேண்டாம். ஆகவே கமிட்டியின் முன் வைப்பவை: லீடர் பட்டியல் பொங்கலுக்குள் முடிவாக வேண்டும், முதலுதவியும் போக்சோவும் சேர்ந்த பயிற்சிக்கு வராதவர் லீடராக வரக்கூடாது, கைக்குழந்தை உள்ள லீடர்களின் குழந்தைகளை மூத்த சகோதரிகள் முறைவைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசியாகச் சொன்னதற்கு ஐந்து ஆச்சிகள் ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டார்கள். மருமகளை அனுப்பச் சம்மதிக்கும் மாமியார்களும் என்னிடம் சொல்லலாம்.

இவ்வறிக்கையைச் சங்கம் ஏற்றுக்கொள்ளும்படி தாழ்மையுடன் முன்வைக்கிறேன்.

செயலாளர்,
பெண்கள் ஐக்கிய சங்கம்