கஞ்சி ஊற்றியவர்களுக்கு

கிறிஸ்துவுக்குள் அன்பான சேகரத்து ஐயா, ஐயரம்மா, பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார், ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும்,

கம்போடியாவின் பட்டம்பாங்கிலிருந்து ஸ்தோத்திரம். நாங்கள் இங்கே மிஷனரிகளாக வந்து பதினொரு மாதம் ஆகிறது. இதுவரை அனுப்பிய ஜெபக் குறிப்புகளில் எல்லாம் "மொழி கற்கிறோம், ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்றுதான் எழுதியிருப்பேன். அதை வாசித்துவிட்டு இங்கே நாங்கள் ஏதோ பெரிதாகச் செய்கிறோம் என்று நினைத்திருந்தால், அது என் எழுத்தின் குற்றம். இதுவரை நாங்கள் செய்ததைவிட எங்களுக்குச் செய்தவர்கள்தான் அதிகம். அந்தக் கணக்கை இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

தலைநகர் ப்னோம் பென்னில் முதல் பத்து நாள் தங்க இடம் கொடுத்து, விசா காகிதங்களுக்கு அலைந்து, சாலையின் வலது பக்கம் வண்டி ஓட்டவும் என் வீட்டுக்காரரைப் பழக்கிவிட்ட கேரளத்துக் குடும்பத்துக்கு நன்றி. பழைய குளிர்சாதனப் பெட்டியைத் தூக்கிவந்து வைத்துவிட்டுப் போன கொரிய மிஷனரி தம்பதிக்கும்.

சந்தையில் கீரை விற்கிற அம்மாவைச் சொல்லாமல் விட முடியாது. இங்கே டாலரும் ரியலும் சேர்ந்தே புழங்குகின்றன. ஒரு டாலருக்குச் சுமார் 4,000 ரியல். ரியல் நோட்டு கந்தலாக இருந்தாலும் வாங்கிக்கொள்வார்கள். டாலர் நோட்டின் ஓரத்தில் நகக்கண் அளவு கிழிசல் இருந்தால் போச்சு, ஒருவரும் தொடமாட்டார்கள். அது தெரியாமல் கிழிந்த இருபது டாலரோடு நான் முழித்துக்கொண்டு நின்றபோது, அந்த அம்மா காய்கறியைப் பையில் போட்டுக் கையில் திணித்து, நாளைக்குக் கொடு என்று சைகையில் சொன்னார். பெயர் தெரியாதவளுக்குக் கடன்!

மொழி ஆசிரியையை "நெயக் க்ரூ" என்கிறோம். க்ரூ என்பது நம் குருதான். எங்களைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர். இங்கத்து மொழியான க்மேரின் எழுத்துக்கு மூலம் பல்லவர் காலத்து எழுத்து என்று அவர் சொன்ன அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பெருமை ஒரு நாள்கூட நிற்கவில்லை. மெய்யெழுத்து 33; ஒரே உயிர்க்குறி, எந்த மெய்யோடு சேர்கிறது என்பதைப் பொறுத்து வேறு வேறாக ஒலிக்கும்; சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. என் வீட்டுக்காரர் சபையில் முதல்முறை க்மேரில் சாட்சி சொன்னபோது ஒருவரும் சிரிக்கவில்லை. எவ்வளவு பாடுபட்டு அடக்கினார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. "முதல் வருஷம் பிரசங்கம் வேண்டாம், கேட்டுக்கொண்டிருங்கள்" என்று சபைப் போதகர் சொன்னது எவ்வளவு சரி என்பதும் அன்றைக்குத்தான் புரிந்தது. 1975 முதல் 1979 வரை க்மேர் ரூஜ் ஆட்சியில் நடந்த கொடுமையில் பெற்றோரை இழந்தவர் அவர். அதைப் பற்றி அவர் பேசுவதில்லை, நாங்களும் கேட்பதில்லை.

அப்புறம், மீங். மீங் என்றால் இங்கே சித்தி, அத்தை மாதிரி. வீட்டுச் சொந்தக்காரர், பக்கத்து வீடு. விடியற்காலையில் பிக்குகள் வரும்போது செருப்பைக் கழற்றிவிட்டு அவர்கள் பாத்திரத்தில் சோறு போடுகிறவர். நாங்கள் எதற்கு வந்திருக்கிறோம் என்பதை முதல் வாரமே கேட்டுத் தெரிந்துகொண்டார். இருந்தும் தினமும் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து "ஞாம் பாய் ஹாவுய் நௌ?" என்பார். சோறு சாப்பிட்டாச்சா? ஊர் ஞாபகம் வந்து அழுதுகொண்டிருந்த நாள்களில் அந்த ஒரு கேள்விதான் என்னை எழுப்பி அடுப்படிக்கு அனுப்பியது.

மழைக்காலத்தில் சின்னவனுக்குக் காய்ச்சல். முதலில் போன இடத்தில் சாதாரணக் காய்ச்சல் என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் இன்னொரு ஆஸ்பத்திரியில்தான் டெங்கு என்று தெரிந்தது. பாய், தலையணை, சாப்பாடு எல்லாம் வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாது. இருட்டிய பிறகு மீங் வந்தார், ஒரு கையில் சுருட்டிய பாய், மறு கையில் தூக்குச்சட்டி. உள்ளே பபோர். நம் கஞ்சியேதான். மூன்று ராத்திரி தரையில் படுத்து, அவனுக்கு அதை ஊட்டினார். வீடு திரும்பிய பிறகு கொஞ்சம் தயங்கி, வாசலில் இருக்கிற தன் தெய்வ மாடத்தில் அவனுக்காக ஊதுவத்தி ஏற்றியதையும் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் என்ன சொல்ல? கை கூப்பி "ஒர்குன்" என்றேன். நன்றி என்பதற்கு இங்கே அதுதான் சொல். இதில் உங்களில் சிலருக்கு வருத்தம் வரலாம். எனக்கு வரவில்லை.

அன்று ராத்திரி நம் ஊர்தான் நினைவில் ஓடியது. வெளிநாட்டிலிருந்து மிஷனரியாக 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயரை நமக்குத் தெரியும். அதே போல 1841-இல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல் ஐயருக்கு விழா எடுக்கிறோம். காய்ச்சலில் கிடந்தால் அவர்களுக்குக் கஞ்சி ஊற்றியது யார்? ழகரம் வராமல் திணறியபோது சிரிப்பை அடக்கிக்கொண்டவர்கள் யார்? சின்ன வயதில் ஓய்வுநாள் பள்ளியில் இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானும் கேட்டதில்லை.

உங்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். சோறு வடிக்கும்போது எங்களுக்கென்று ஒரு பிடி அரிசியை எடுத்துவைக்கிற அக்காமாரின் காணிக்கையில்தான் இந்த வீட்டு வாடகை போகிறது. மீங்கிடம் இதை என் அரைகுறை க்மேரில் சொன்னேன். எத்தனை பெண்கள் என்று கேட்டார். எண்ணிச் சொன்னேன். அந்த மாத வாடகையில் பத்து டாலரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கடைசியாக, பார்சல் விஷயம். இங்கே வயல் வரப்பெல்லாம் பனைமரம். மரத்தோடு கட்டிய மூங்கிலில் ஏறிப் பாளை சீவி, பதநீர் இறக்கிக் காய்ச்சுகிறார்கள். கருப்பட்டியை மீங்கே கொண்டுவந்து தருகிறார். அதனால் அடுத்த முறை அது வேண்டாம். சாம்பார்ப் பொடி மட்டும் போதும், கொஞ்சம் கூடுதலாக, மீங்குக்கும் பிடித்துவிட்டது.

உங்கள் சகோதரி,
பட்டம்பாங்